மூன்று புட்டிப் பால்

அப்துல் ஹமீது உறை ஊற்றிய புட்டிகளில் பால் பாலாகவே கிடந்தது. குணவதி ஊற்றினால் மட்டும் மறுநாள் காலை கெட்டித் தயிர். ஒரே மாட்டுப்பால், ஒரே அடுப்பு, வெள்ளைக்கார டாக்டர் துரை சீமையிலிருந்து வரவழைத்த அதே கிருமி. மனிதர் குடலில் வாழ்கிற நல்ல கிருமியாம். அதில் தோய்ந்த தயிர் சீதபேதிக்கு மருந்தாம்.

பினாங்கில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் ஹமீது பத்து வருஷமாக டிரெசர்; புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் உதவியாள். குணவதி பால் அறைக்கு வந்து இரண்டே மாதம். கிருமியைக் கொட்டிவிட்டு பாசார்க் கடைத் தயிரைக் கலக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம். வேறு யாருக்காவது கொடுப்பதென்றால் பேசாமல் இருந்திருப்பார். நாலாம் கட்டிலில் சீதபேதியால் வற்றிக் கிடந்தவள் அவர் மகள் ருக்கையா. அவள் வாயில் போவது மருந்தா, ஈ மொய்த்த சட்டித் தயிரா?

அன்று காலை கதவிடுக்கில் பார்த்தார். குணவதி மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப் பாலில் சாய்த்தாள்.

“என்னா அது?”

குப்பி கைநழுவி உருண்டது. சிவப்பாக வழிந்தது.

“தக்காளிச் சாறுண்ணே. காய்ச்சி வடிகட்டினது. வெறும் பாலு அந்தக் கிருமிக்குப் பத்தல. ஒரு நாள் ரசத்துக்கு வச்ச சாறு கைதவறி விழுந்துச்சு. அந்தப் புட்டி மட்டும் உறைஞ்சுச்சு. பாலைத் தவிர எதுவும் சேக்காதேன்னு தொர சொல்லியிருக்காரு. தெரிஞ்சா வேலை போயிடும்லா.”

“புளிப்பு ஊத்தினா எந்தப் பாலும் திரியும். என் காதுல பூ சுத்தாதே.”

“அப்ப நீங்களே ஊத்திப் பாருங்கண்ணே. உங்க கையையாவது நம்புவீங்கல்ல?”

அவரே மூன்று புட்டிப் பால் ஊற்றினார். ஒன்றில் கிருமி மட்டும். இன்னொன்றில் சாறு மட்டும். மூன்றாவதில் இரண்டும். புட்டிகளின் வாயைத் துணியால் கட்டி, முடிச்சில் மெழுகு வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். அன்று ருக்கையாவுக்குக் கஞ்சித் தண்ணீர்தான்.

“தயிர் எங்கே, அத்தா?” என்று தகப்பனிடம் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மெழுகு உடையாமல் இருந்தது. முதலிரண்டும் தளும்பின. மூன்றாவதைச் சாய்த்தார்; அசையவில்லை. ஒரு கரண்டி தாம் விழுங்கி, மதியம்வரை தம் வயிற்றைக் கவனித்தார். பிறகுதான் மகளுக்கு ஊட்டினார். துரையிடம் போய், “தக்காளி சேர்க்கச் சொன்னது நான்தான்” என்றார்.

அடுத்த நாள் பாசாரில் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து மோந்துகொண்டிருந்தார்.

“பொண்ணு பாக்கவா வந்தீங்க அண்ணே?” என்றாள் கடைக்காரி வள்ளியம்மா.

அவர் அடுத்ததைத் திருப்பிப் பார்த்தார். காம்போரம் கறுத்த ஒன்றை ஒதுக்கி வைத்தார்.