கோஸ்வேர் கழகம் கோப்பைக்குள் நுழைந்த கதை

கோஸ்வேர் தீவில் பந்தாட்டக் கழகம் தொடங்கி நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் நாற்பத்தொரு வருஷத்தை அது நாட்டுக் கோப்பைப் போட்டியின் வாசலுக்கு வெளியேதான் கழித்தது. வடக்கத்திக் கழகங்களுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. நாடு ஒன்றுதான், ராஜா ஒருவர்தான், வரியும் ஒரே வரிதான். பந்து மட்டும் தெற்கே உருண்டால்தான் பந்து என்று அங்கிருந்த பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

கழகத்தின் செயலாளர் டாக்னி, தீவின் தபால் நிலையத்தை நடத்தியவள். வயது நாற்பத்தாறு. வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும், தபால்தலையும் கைவசம் இருக்கும் என்பதால் அந்தப் பதவி அவளைத் தேடி வந்தது. பதினோரு வருஷமாக இலையுதிர்காலம்தோறும் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி தெற்கே விண்ணப்பம் அனுப்பினாள். பதில் தவறாமல் வரும். மரியாதையான பதில். ‘பயணத்தின் தொலைவு, தட்பவெப்பத்தின் நிச்சயமின்மை, ஆட்டத்தின் தரம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு வருந்துகிறோம்.’ ஒரு வருஷம் தட்பவெப்பம் முதலிலும் தொலைவு இரண்டாவதாகவும் வந்தன. கழகத் தலைவர் ஹில்மார், மீன் மொத்த வியாபாரி, அதை நல்ல அறிகுறி என்றார்.

1963-ல் பெரியவர்களுக்கு என்ன ஆயிற்றோ, கதவைத் திறந்துவிட்டார்கள். கோஸ்வேர் அணி அக்கம்பக்கத்தில் இரண்டு அணிகளைத் தட்டுத்தடுமாறி வென்றது. மூன்றாம் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது, தலைநகருக்குப் பக்கத்திலிருந்த கிரான்லி என்ற கழகத்தோடு ஆட்டம் விழுந்தது. அதுவும் கோஸ்வேரிலேயே.

ஒரு வாரத்தில் கிரான்லியின் மேலாளர் ஃபால்சனிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் சிரமத்தைக் குறைக்க எண்ணி, ஆட்டத்தை எங்கள் புல்தரையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனதோடு எழுதியிருந்தார். டாக்னி பழைய பதில்களில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதினாள். பயணத்தின் தொலைவையும் தட்பவெப்பத்தின் நிச்சயமின்மையையும் உங்கள் ஆட்டத்தின் தரத்தையும் கருத்தில் கொண்டு வருந்துகிறோம். இருந்தாலும் உங்களை வரவேற்க முடிவு செய்திருக்கிறோம்.

நகலைப் படித்த ஹில்மாருக்கு வேர்த்துவிட்டது.

“ஏன் டாக்னி இப்படி வம்பை விலை குடுத்து வாங்குற? பெரிய எடத்து ஆளுங்க.”

“பெரிய எடத்துலேருந்து வந்த வார்த்தைதான் ஹில்மார். நானா ஒண்ணும் சேக்கல. அவ்வளவு அறிவு எனக்கு ஏது?”

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் ரயில், ஒரு ராத்திரி கப்பல், கடைசி மூன்று மணி நேரம் மீன்பிடிப் படகு. பதினோரு ஆட்டக்காரர்களும் வெந்த உருளைக்கிழங்கு நிறத்தில் இறங்கினார்கள். ஃபால்சன் மட்டும் பச்சையாக இருந்தார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு காத்திருந்த ஹில்மார், வீட்டில் யாரும் பேசாத தெற்கத்திப் பேச்சில் வரவேற்புரை வாசித்தார். நடுவில் ஃபால்சன் படகுத்துறையின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து நின்றுவிட்டு வந்தார். ஹில்மார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மைதானத்தைப் பார்த்ததும் ஃபால்சன் நின்றுவிட்டார். சரளைக்கல் தரை. ஒரு பக்கம் கடல், அதில் விழும் பந்தை எடுக்க ஒரு துடுப்புப் படகு. மறுபக்கம் மரச்சட்டங்களில் ஆயிரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த மீன்.

“இதுதான் மைதானமா?”

“மீனுக்கும் இதுதான் மைதானம்,” என்றாள் டாக்னி. “அது ஒண்ணும் குறை சொல்லலயே.”

“பசங்களுக்கு உடம்பு சரியில்லைங்க. ஆட்டத்த நாளைக்கு வெச்சுக்கலாமா?”

ஹில்மார் அதற்குள் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். டாக்னி குறுக்கே புகுந்தாள்.

“தாராளமா வெச்சுக்கலாம். ஆனா உங்க கப்பல் நாளைக்குக் காலைல. அடுத்தது வியாழக்கிழமை. அதுவரைக்கும் நீங்க எங்க விருந்தாளி. மூணு வேளையும் மீனும் மீன் ஈரலும்தான்.”

ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் ஃபால்சன் கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கே ஆடிவிடலாம் என்றார். டாக்னி ஒரு தாளை நீட்டினாள். ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆட்டம் ஆறு மணிக்குத் தொடங்கியது. டாக்னிக்கு முதல் பாதி முழுக்க வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்த வெந்த உருளைக்கிழங்குகள் நன்றாக ஆடினார்கள். பந்து கால்விட்டுக் கால் அமைதியாகப் போனது. கோஸ்வேர்க்காரர்கள் தூண்டில் போட்டவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபதாவது நிமிஷத்தில் கிரான்லி ஒரு கோல் போட்டது. ஆட்டத்தின் தரம் என்று அவர்கள் எழுதியது ஒருவேளை உண்மைதானோ என்று டாக்னிக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர்கள் மேல் இன்னும் கோபம் வந்தது.

இடைவேளைக்குப் பிறகு வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது. அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவன் கோஸ்வேர் அணியின் எட்வின், நெத்திலிக்கும் பெரிய மீனுக்கும் ஒரே முகத்தோடு வலை வீசுகிறவன். பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், எங்கே வந்து விழும் என்று பார்த்து ஓடினான். தலையால் முட்டி ஒரு கோல். கடைசி நிமிஷங்களில் கடல் பக்க மூலையிலிருந்து அவன் உதைத்த பந்து வெளியே போவதுபோலப் போய், மனம் மாறித் திரும்பி வந்து, யார் மேலும் படாமல் வலைக்குள் விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. அன்று பார்த்தவர்கள் முந்நூறு பேர். பிற்பாடு நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள்.

ஃபால்சனுக்கு இப்போது நிறம் திரும்பியிருந்தது. “இது செல்லாதுங்க. உதைச்சது உங்க ஆள் இல்ல, காத்து.”

“காத்தும் எங்க ஊர் ஆளுதான். பேரு பதிய மறந்துட்டோம்.”

“மைதானமே நாலு மீட்டர் குறைவு. நான் அடி வெச்சு அளந்துட்டேன். புகார் எழுதப் போறேன்.”

டாக்னி அந்தத் தாளைப் பிரித்துக் காட்டினாள். மைதானத்தை உள்ளபடியே பார்வையிட்டு முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே கொஞ்சம் கோணலாக அவர் கையெழுத்து.

“நான் படிக்காம போட்டேன்,” என்றார் ஃபால்சன்.

“எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க,” என்றாள் டாக்னி. “தபால் நிலையத்துல தெனம் பாக்குறேன்.”

அன்று ஊர் தூங்கவில்லை. ஹில்மார் தன் தலைமையைப் பற்றி நான்கு இடங்களில் பேசினார்.

அடுத்த சுற்று தெற்கே. ஆட்டக்காரர்களோடு டாக்னியும் போனாள். பச்சைக் கம்பளம் மாதிரி புல்தரை. காற்று துளியும் இல்லை. எட்வின் பந்து வந்து விழும் இடத்துக்கெல்லாம் சரியாக ஓடினான். பந்து வேறெங்கோ விழுந்தது. ஏழு கோல் வாங்கினார்கள், ஒன்றும் போடவில்லை. ஏழையும் டாக்னி தாங்கிக்கொண்டாள். முடிவில் அங்கிருந்த ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்ற கைதட்டல். அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான். படகுத்துறையில் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு கெட்ட வார்த்தையைத் தபால் நிலையத்துச் சீருடைக் கோட்டோடு நின்று உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற கனவான், அது வடக்கத்தி வாழ்த்து என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கி வணங்கினார்.

ஊர் திரும்பியபோது யாரும் குறை சொல்லவில்லை. ஏழு பெரிய எண்ணே இல்லை என்றார் ஹில்மார். அடுத்த ஞாயிறு, அரை மணி நேரப் படகுத் தூரத்திலிருந்த பக்கத்துத் தீவோடு வழக்கமான ஆட்டம். அதில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஊர் உண்மையில் இடிந்துபோனது அன்றைக்குத்தான். எட்வின் நான்கு நாள் ஊர் கூடும் கடை வாசல் பக்கம் வரவில்லை. ஹில்மார், அணியைத் தேர்ந்தெடுத்ததில் தனக்குப் பங்கே இல்லை என்று எழுத்தில் கொடுத்தார். டாக்னியின் தங்கை அந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். டாக்னி அவளோடு கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை.