லெபாங்கின் அறை

லெபாங் தண்ணீர் லாரி ஓட்டியவர். பாலைவன ஓரத்து எங்கள் ஊர் சபோங்கிலிருந்து மாட்டுப் பட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். ஒரு நாள் சாயங்காலம் வெர்டா சாலையில் புதருக்குள்ளிருந்து பெரிய கொம்பு மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. லாரி புரண்டது. மான் எழுந்து ஓடிவிட்டது. லெபாங்குக்குக் கழுத்து முறிந்தது. தலைநகர ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து வீடு திரும்பியபோது தோளுக்குக் கீழே அவருக்கு எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் முன்னைவிட அதிகமாக அசைந்தது.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூட வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்பேன். காலையில் வியாபாரம் முடிந்ததும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவர் மனைவி செய்போனேவைப் பார்க்கப் போவது வழக்கம். லெபாங்கைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். ஒரே பெண் லரோனா தலைநகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். வேர்ப்பதும் நடுங்குவதும் மூளை உத்தரவு போட்டு உடம்பு செய்கிற வேலை. உத்தரவு போகிற பாதை கழுத்தில் அறுந்துவிட்டது. இனி வீடு எவ்வளவு சூடோ இவரும் அவ்வளவு சூடு, வீடு எவ்வளவு குளிரோ இவரும் அவ்வளவு குளிர். சபோங் மாதிரி ஊரில் தகரக்கூரை வீட்டில் இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது? கோடையில் எங்கள் ஊர்க் கூரையில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் விடிந்து பார்த்தால் வாளித் தண்ணீர் கல்லாக நிற்கும்.

முதல் கோடை முழுக்க செய்போனே ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுத்தாள். துணி காய்வதற்குள் அடுத்ததை நனைத்துவிட வேண்டும். அவர் முகம் செங்கல்லாகச் சிவந்து கிடக்கும், ஒரு பொட்டு வேர்வை இருக்காது.

"என்னை உப்புக்கண்டம் போடுறா பாரு," என்பார் என்னிடம். "உப்பு மட்டும்தான் இன்னும் தடவலை."

குளிர்காலம் அதைவிட மோசம். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். ஒரு விடியற்காலை புகை இருவரையும் மயக்கிவிட்டது. ஏதோ கேட்க வந்த என் புருஷன் ஒடிரிலே கதவை உடைத்து இழுத்துப் போட்டதால் பிழைத்தார்கள். அன்றைக்குத்தான் லெபாங் முடிவெடுத்தார்.

"மாட்டை வித்துடு லரோனா அம்மா," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆம்பளையே வாய் திறந்து மாட்டை விற்றுவிடு என்று சொன்னால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. "எல்லாத்தையுமா?" என்று மட்டும் செய்போனே கேட்டாள்.

"நாலை வை. அது லரோனாவுக்கு. மத்ததெல்லாம் நடக்குது, நான் நடக்கலை. அதுங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

அப்படித்தான் அறையைக் கோடையில் குளிரவைத்துக் குளிர்காலத்தில் சூடாக்குகிற, வெயிலில் ஓடும் அந்த இயந்திரம் வந்தது. பூட்டினவன் டிரெலோ, தலைநகரத்துப் பையன், மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. வந்த நாள் முழுக்க இயந்திரத்தை இறக்கக்கூட இல்லை. தகரத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடிமனான நுரைத்தகடு அடித்தான், சன்னல் இடுக்கையும் கதவின் அடியையும் அடைத்தான். வீட்டில் ஓட்டை இருந்தால் எந்த இயந்திரமும் தோற்றுவிடும் என்றான். மறுநாள் கூரையில் கண்ணாடித் தகடுகளை ஏற்றி, அவற்றின் கரண்டை வாங்கிக்கொடுக்கும் பெட்டியை வெளிச்சுவரில் அடித்தான். அறைக்குள் சுவரில் ஒரு பெட்டி, வெளியே விசிறி வைத்த இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே செம்புக்குழாய். லெபாங் கட்டிலிலிருந்தபடியே அவனைக் கேள்வியால் குடைந்தார்.

"இது குளிரை எங்கேயிருந்துடா கொண்டாருது?"

"குளிரைக் கொண்டாராது அண்ணே. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டும். குழாய்க்குள்ள ஒரு வாயு சுத்திச் சுத்தி ஓடும். உள்ளே வரும்போது சூட்டைக் குடிக்கும், வெளியே போய்த் துப்பும்."

"சரி. குளிர்காலத்துல?"

"அப்படியே திருப்பிவிடும். வெளியே குடிச்சு உள்ளே துப்பும்."

"வாளித் தண்ணி உறைஞ்சு கிடக்குற நேரத்துல வெளியே ஏதுடா சூடு?"

"நமக்குத்தான் இல்லை. அந்த நேரத்துல வாயு உறைபனியைவிடச் சில்லுனு இருக்கும். அதனால பனிக்காத்துலயும் கொஞ்சம் சூட்டைக் கறந்துடும்."

"எங்க தாய்மாமன் மாதிரின்னு சொல்லு. ஒண்ணுமில்லாதவன் வீட்டுக்கு வந்தாலும் ஏதாவது கறக்காமப் போக மாட்டார்."

டிரெலோ சிரித்துவிட்டான். பிறகு கரண்டைப் பற்றிச் சொன்னான். பகலில் கூரைத் தகடு வெயிலைக் கரண்டாக்கி இயந்திரத்தை ஓட்டும். மேகம் மூடினால் குறைகிற அளவை மட்டும் தெரு லைனிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரவில் முழுக்க லைன்தான். இரண்டும் கலந்து ஓடுவதால் செலவும் குறைவு, வெயில் போனதும் அறை சூடேறுகிற பயமும் இல்லை.

"ஆனா ஒண்ணு," என்றான். "லைன் போயிட்டா இது நின்னுடும்."

"பகல்லயுமா? கூரை மேல வெயில் காயும்போதும்?" செய்போனேதான் கேட்டாள். கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகே நின்றிருந்தாள்.

"பகல்லயும்தான் அக்கா. வெயில் கரண்டு ஏறும், இறங்கும். சாஞ்சு நிக்க அதுக்கு ஒண்ணு வேணும், லைனோ பேட்டரியோ. ரெண்டும் இல்லைனா கரண்டுப் பெட்டி தானா மூடிக்கும். மூடலைனா நம்ம கரண்டு தெருக்கம்பியில ஏறி, கம்பத்துல வேலை செய்யுறவனைக் கொன்னுடும். பேட்டரியும் போட்டுக்கங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

பேட்டரி வாங்க விற்பதற்கு மிச்சமிருந்தது அந்த நாலு மாடுதான். செய்போனே லெபாங்கைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றார் அவர். "லைன் போனா ஒரு மணி நேரத்துல வந்துடுது. அதுக்குள்ள நான் வெந்துட மாட்டேன்."

அந்த வருஷம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். குளிர்காலத்தில் தெருவே அந்த அறைக்கு வந்தது. ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள், உப்பு இருக்கா, ஊசி இருக்கா என்று. வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். லெபாங் நடுவில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் வாரிக்கொண்டிருப்பார். பாதிரியாரைக்கூட விடமாட்டார். "நீங்க சொல்ற நரகம் இந்தப் பெட்டியில மூணாவது பொத்தான்தான் பாஸ்டர், அமுத்தினா வந்துடும்" என்பார். செய்போனே தலை பின்னிக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது நின்றது. ஒரு நாள் என்னிடம், "மனுஷன் மாதிரி இருக்கேன்டி," என்றாள்.

அடுத்த பிப்ரவரியில், எங்கள் பக்கத்துக் கோடையின் உச்சத்தில், காற்று வந்தது. மழையில்லாத வெறும் மண்காற்று. பகலே பழுப்பாகிவிட்டது. ஓய்ந்தபோது கரண்டு இல்லை. வெர்டாவுக்கு அந்தப்பக்கம் வரிசையாகக் கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். வானம் வெளுத்து, வெயில் திரும்பவும் ஏறியது. அன்றைக்கு நாற்பத்துமூன்று டிகிரி.

நுரைத்தகடு மத்தியானம் வரை தாங்கியது. அதற்குப் பிறகு அறை சூடேறியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் மட்டும்தான் ஓடியது. "எங்க வார்டு உங்க வீட்டைவிடச் சூடும்மா," என்று நர்ஸ் சொன்னாள். அவள் கழுத்திலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கறிக்கடையில் இருந்த ஐஸ் எப்போதோ தீர்ந்திருந்தது.

ஒடிரிலேக்குத்தான் யோசனை வந்தது. எங்கள் வேனில் ஏ.சி. இருக்கிறது. லெபாங்கைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, முள்மர நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டோம். அவர் முகத்தின் சிவப்பு மெல்ல இறங்கியது.

"ஒடிரிலே, உன் வண்டி நாறுதுடா," என்றார். "ஆனா நல்லாயிருக்கு."

சாயங்காலம் செய்போனே டிரெலோவைப் போனில் கூப்பிட்டாள். விடிந்ததும் பேட்டரியை ஏற்றிக்கொண்டு கிளம்புவதாகச் சொன்னான். தலைநகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு பகல் பயணம். அதற்குப் பிறகு செல்போன் கோபுரமும் செத்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் வேனை ஓடவிட வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் டீசல் தீர்ந்தது. பங்க்கில் தரைக்கு அடியில் டீசல் கிடக்கிறது, இறைக்கிற பம்ப்புக்குக் கரண்டு இல்லை. ஒடிரிலே கேனோடு, அங்கே யாரிடமாவது டீசல் இருக்குமென்று, மாட்டுப் பட்டிகளுக்கு நடந்தே கிளம்பினான். குழாயிலும் தண்ணீர் வரவில்லை, ஆழ்குழாய்க்கும் கரண்டு வேண்டுமே. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடிக்க வைத்திருந்ததில் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். துணி நனைத்தோம். போர்த்திய துணி அவர் மேலேயே காய்ந்து மொடமொடத்தது. பாத்திரம் கழுவின தண்ணீரில் நனைத்தோம். அதுவும் தீர்ந்தது. நானும் இன்னும் இரண்டு பெண்களும் அட்டையால் விசிறினோம். விசிறினால் அடுப்பு வாயிலிருந்து வருவது போல அனல்தான் வந்தது.

முதலில் அவர் சரியாகத்தான் பேசினார். பிறகு மாட்டை உள்ளே ஓட்டு, மாட்டை உள்ளே ஓட்டு என்றார். செய்போனேவை அவருடைய அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நான்தாங்க, லரோனா அம்மா," என்று அவள் குனிந்து சொன்னாள். "இங்கே பாருங்க. டிரெலோ வந்துகிட்டே இருக்கான்."

அவர் பார்த்தார். அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவள் எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தாள். தகடுகள் கண் கூசும்படி மின்னின. ஒரு துண்டு மேகம் இல்லை. அந்த வெயிலில் பாதி இருந்தால் போதும், அறை சில்லென்று இருக்கும். வெளிச்சுவரில் இருந்த கரண்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அவள் அதன் ஒயரைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"விடு, செத்துப்போவே," என்று கையைப் பிடித்தேன்.

"இவ்வளவு இருக்கேடி," என்றாள். "தலைக்கு மேலேயே இவ்வளவு இருக்கே. யாருக்கும் உதவாம கொட்டுதே."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கேட்க முடியவில்லை. உள்ளே விசிறிக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டாள். ஓடினோம். லெபாங்குக்கு வலிப்பு வந்திருந்தது. அசையாத உடம்பின்மேல் தலை மட்டும் உதறியது.

ஒடிரிலே அரைக் கேன் டீசலோடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேனில் போட்டு ஓடவிட்டோம். பொழுது இறங்க டிரெலோ வந்தான். சாலையெல்லாம் மண் மூடி, இரண்டு இடத்தில் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கை கொப்புளித்திருந்தது. இறங்கினதும் பேட்டரியைப் பூட்டினான். கரண்டுப் பெட்டியில் விளக்கு பச்சையானது. வெளி விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்தது. லெபாங்கை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். உடம்புச் சூடு இறங்கிவிட்டது. மூச்சு சீராக வந்தது. பிழைத்துவிட்டார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிழைத்தார்தான். தலைநகர ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சூட்டில் போன மூளை திரும்பாது என்றார்கள். அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது. ஊட்டினால் விழுங்கினார். பேச்சு இல்லை. செய்போனேவைத் தெரிகிறதா என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

நாலு மாடும் பேட்டரிக்குப் போயின. இப்போது லைன் போனாலும் அறைக்குத் தெரிவதில்லை. பகலில் வெயில் இயந்திரத்தையும் ஓட்டி பேட்டரியையும் நிரப்புகிறது. வெளியே நாற்பதோ உறைபனியோ, உள்ளே எப்போதும் இருபத்துநாலு. டிரெலோ சரிபார்க்க வந்தபோது கட்டில் பக்கம் திரும்பாமலே வேலையை முடித்தான். போகும்போது வாசலில் நின்றான்.

"நான் அன்னிக்கு இன்னும் அடிச்சுச் சொல்லியிருக்கணும் அக்கா."

"நீ சொன்னே தம்பி. நல்லாத்தான் சொன்னே. நாங்க கேட்டோம். கேட்டுட்டுத்தான் வேண்டாம்னோம்."

அவன் தேநீர் குடிக்காமல் போய்விட்டான்.

அந்தக் குளிர்காலம் தெருவில் யாரும் அங்கே போய் உட்காரவில்லை. வெதுவெதுப்பு முன்போலத்தான் இருந்தது. ஒருமுறை வந்தவர்கள், அந்தத் திறந்த கண்ணுக்கு முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல், மறுமுறை வரவில்லை. நானே சில நாள் மாவு உருண்டையை வாசலில் கொடுத்துவிட்டு வேலை இருப்பதாகச் சொல்லித் திரும்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லரோனா போன் செய்வாள். போன வாரம் நான் உள்ளே இருந்தபோதுதான் செய்தாள். செய்போனே போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். லெபாங் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமை வழக்கம்போல் அடித்தது. செய்போனே அவர் முகத்தையே, புருவத்திலிருந்து உதடு வரை, உதட்டிலிருந்து புருவம் வரை, பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"கேட்டார்டி," என்றாள். "உன் குரல் கேட்டதும் சிரிச்சார்."

போனை வைத்துவிட்டு அவருடைய வாயோரம் துடைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.