தொண்ணூற்றொன்றரை டிகிரி

எங்கள் ஊரில் ஹாலின் சமையலறைப் பக்கத்து மூலை, குடியிருப்பவர்களின் மனசைப் பொறுத்து விரியும், சுருங்கும். சிரித்துப் பேசுகிற வீட்டில் தொண்ணூற்று நாலு டிகிரி வரை போகும். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எண்பத்தேழுக்கு இறங்கிவிடும். அப்படியானால் மற்ற மூன்று மூலைகளும் என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவை தொண்ணூறிலேயே இருக்கும்.

என் வேலை, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பூவேலை செய்த தேக்குச் சட்டம், அதாவது பீடிங், அடிப்பது. மூலையை அளந்து, வந்த டிகிரியைப் பாதியாக்கி, மைட்டர் மிஷினை அதற்குத் திருப்பி வைத்து, இரண்டு துண்டுகளின் முனையையும் சாய்த்து அறுக்க வேண்டும். கூடும் இடத்தில் ஒரு தலைமுடி நுழைந்தாலும் அந்த அறை வெளிவாசலாகத்தான் கருதப்படும். மழைக்கு அங்கே பெய்ய உரிமை உண்டு. சிலர் இடைவெளியில் பட்டி மாவு வைத்துப் பூசிப் பார்ப்பார்கள். மழைக்குப் பட்டி எது, மரம் எது என்று நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அன்றாடக் கோணம் உண்டு. அதைப் பிடித்து அறுத்துவிட்டால் பிறகு எந்தச் சண்டைக்கும் பீடிங் அசையாது. பிடிப்பதில்தான் தொழிலே இருக்கிறது.

தெய்வசிகாமணி சாரும் அவர் மனைவி மங்கையர்க்கரசி அக்காவும் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள். கொலுவுக்காகச் செய்த முந்நூறு பொம்மைகள் ஹாலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வருஷ உழைப்பு. நனைந்தால் மறுபடி கூழ்தான். பழைய பீடிங்கைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. வியாழக்கிழமை மாலை நாலரைக்கு வருவதாக மழை சொல்லியனுப்பியிருந்தது.

திங்கட்கிழமை போனேன். மூன்று மூலைகளை மதியத்துக்குள் முடித்தேன். சமையலறைப் பக்கத்து நாலாவதை அளக்க ஏணியில் ஏறியதும் இருவரும் கீழே வந்து நின்று சிரித்தார்கள்.

"எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்ல தம்பி" என்றார் சார்.

"இவர் தங்கமான மனுஷன். நீங்க மொதல்ல காப்பியைக் குடிங்க" என்றார் அக்கா.

தொண்ணூற்று நாலு காட்டியது. நாற்பத்தேழில் அறுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பின்னால் படீரென்று சத்தம். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு விரல் இடைவெளி. இருவரும் அதே சிரிப்போடு வாசலில் நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விருந்தாளி முன்னால் சண்டை போட வராது. என்ன செய்ய, அது ஒரு வியாதி.

செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொல்லி, எப்போதும் போல இருக்கச் சொன்னேன். இருவரும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, பள்ளி நாடகம் போல ஒருவரையொருவர் திட்டினார்கள். நடுநடுவே எனக்கு முறுக்கு வந்தது. மூலை நடிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை, தொண்ணூறிலேயே நின்றது. புதன்கிழமை நான் பரணில் ஒளிந்துகொண்டு அளந்தேன். அக்கா பரணுக்குக் காப்பி அனுப்பினார்.

அறுத்து அறுத்து பீடிங் தீர்ந்துபோய், வியாழன் மதியம் இரண்டு துண்டுகள்தான் மிஞ்சின. மணி மூன்றரை. மழை சீக்கிரமே வந்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் காத்துக்கொண்டிருந்தது. சார் ஒரு பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. நான் விருந்தாளியாக இருக்கிறவரை இந்த மூலை எனக்கு உண்மை சொல்லாது. ஏணியிலிருந்து இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் சமையலறைக்குள் போனேன். குழம்புச் சட்டியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கினேன்.

"உப்பு பத்தல" என்றேன்.



"நாலு வருஷமா இதத்தான நான் சொல்றேன்!" என்று சார் துள்ளி எழுந்தார்.

"ஆமா, போன பொங்கலுக்கு இவர் பாயசத்துல உப்பு போட்டாரு. வந்துட்டாரு எனக்குச் சொல்ல!"

"அது டப்பா மாறிப்போச்சுடி!"

"நீங்க எதைத்தான் மாத்தாம இருந்தீங்க? நேத்து ராவணனுக்கு மீசைய மறந்துட்டு முருகனுக்கு ஒட்டிட்டாரு, தெரியுமாடா உனக்கு?"

என்னை 'டா' என்றுவிட்டார். நான் கரண்டியோடு ஓடி ஏணியில் ஏறினேன். மூலை எண்பத்தெட்டுக்குப் போனது. மீசை வைத்த முருகனைச் சார் தூக்கிக் காட்டியதும் அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. தொண்ணூற்று மூன்று. பிறகு திட்டும் சிரிப்பும் கலந்து, மூலை மெல்ல ஆடி ஆடித் தொண்ணூற்றொன்றரையில் நின்றது.

பாதி, நாற்பத்தைந்தே முக்கால். கழிவுத் துண்டில் ஒருமுறை அறுத்துப் பார்த்தேன். பிறகு நல்ல துண்டுகளை, போட்ட கோட்டுக்கு ஒரு நூல் அளவு வெளியே வைத்து, பிளேடு முழு வேகம் பிடித்த பின் நிதானமாக இறக்கினேன். அவசரப்பட்டால் முனை சிலும்பிவிடும். அந்த ஒரு நூலையும் சீவி எடுத்து இரண்டு துண்டுகளையும் மூலையில் வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நாலரைக்கு மழை வந்து ஜன்னல் வழியாக மூலையைப் பார்த்தது. அக்கா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தார். மழை அதைச் செருகிப் பார்த்தது, நுழையவில்லை. தெருவோடு பெய்துகொண்டு போய்விட்டது. சார் முந்நூறு பொம்மைகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா இன்னும் உப்பு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார், பீடிங் துளியும் அசையவில்லை.

"இருந்து சாப்பிட்டுட்டுதான் போகணும்" என்று இலை போட்டார்கள்.

நான் உட்காரும்போது வாசலில் நிழலாடியது. நேரமாகியும் காணோமே என்று என் வீடே, சுவரும் கூரையுமாக, என்னைத் தேடிக்கொண்டு வந்திருந்தது, குடை பிடித்தபடி.

"உன் வீடாடா? ஏன் வெளியவே நிக்குது, உள்ள வரச் சொல்லு" என்றார் அக்கா.

வீடு வாசல் நிலையில் குனிந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குக் கத்தரிக்காய் ஆகாது என்று சொன்னேன். வாழைக்காய் வைத்தார்கள்.