லெட்வில்லில் மாட்டிய சைலன்சர்

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வெர்லின் போன் பண்ணினான்.

"அக்கா, சைலன்சர் மாத்தப் போறியாமே. தயவுசெஞ்சு நீ கை வைக்காத. வண்டிய இங்க லமாருக்குக் கொண்டு வா, நான் மாட்டித் தரேன்."

"ஏண்டா, எனக்குக் கை இல்லியா?"

"இருக்கு. அதான் பயமே."

அவன் முப்பது வருடமாகக் கீழே சமவெளியில், லமாரில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். நான் அதே முப்பது வருடமாக மலைமேல் லெட்வில்லில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். கொட்டுகிற பனியில் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற எனக்கு நாலு நட்டு கழற்றத் தெரியாதாம். சுர்ரென்று வந்தது எனக்கு.

ஆனால் அவன் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் மகள் ட்ரெஸ்ஸாவுக்கு ஜூனில் கல்யாணம். ரிப்பன் கட்டிய அப்பாவின் ட்ரக்கில் வர மாட்டேன், லவான் அத்தை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் சர்ச்சுக்கு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்த அத்தை நான்தான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவள் அப்படிக் கேட்டதும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதே விட்டேன்.

"சரி, நீயே மாட்டிக்கோ," என்றான் வெர்லின். "ஆனா லமார் வரைக்கும் சத்தமில்லாம வந்து சேரணும். சைலன்சர்ல ஒரு டுப்பு கேட்டாலும் பொண்ணு என் ட்ரக்லதான் வருவா. வெள்ளை கவுனோட அவள நடு ரோட்ல நிக்க வைக்க என்னால ஆகாது."

"சரிடா. பாத்துக்கலாம்."

அவன்மேல் எனக்கு ஏற்கனவே ஆறு வருடக் கடுப்பு உண்டு. ஐம்பது தாண்டி நான் யூசேபியோவைக் கட்டிக்கொண்டபோது வெர்லின் வரவில்லை. எங்கள் அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று. சர்ச்சில் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டியவன் அவன்தான். கல்யாணத்தன்று காலையில் போன் வந்தது. முந்தின நாள் சாப்பிட்ட உருளைக்கிழங்கு சாலட் ஒத்துக்கொள்ளவில்லையாம், ஒரே வாந்தியாம். நான் தனியாகவே நடந்து போனேன். அன்றிலிருந்து நான் உருளைக்கிழங்கு சாலட்டைத் தொடுவதில்லை. அவன் வீட்டு மேசையில் அதை வைத்தால், "ஐயோ வேணாம்பா, இதத் தின்னா கல்யாணத்துக்குப் போக முடியாது" என்று தட்டை நகர்த்துவேன். அவன் முகம் சுண்டிப் போகும். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சைலன்சர் வந்து சேர்ந்தது. பழைய நட்டெல்லாம் துருவேறிக் கல்லாகக் கிடந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, மூன்றாம் நாள் யூசேபியோ ஒரு பக்கம் பிடிக்க, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். புதுசை எடுத்த எடுப்பில் முறுக்கிவிடக் கூடாது. செம்பு வளையத்தை வைத்து, எல்லா நட்டையும் தளர்வாக மாட்டி, குழாய் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும். கடைசியாகக் குரோம்மேல் பட்ட கைரேகையைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் ரேகை சூட்டில் வெந்து அங்கேயே தங்கிவிடும். நானும் துடைத்தேன், யூசேபியோவின் கட்டைவிரல் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. அது இன்றைக்கும் இருக்கிறது.

சைலன்சர் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம், அதில் இரண்டு ஜெட். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் ஏறி வருகிற துளை அதுதான். புது சைலன்சர் தாராளமாக மூச்சு விடும், காற்றை அதிகம் இழுக்கும், அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும், அதனால் பெரிய ஜெட் போடு என்று தாளில் எழுதியிருந்தது. போடுவதற்கு முன் சும்மா ஒரு சுற்று போய்வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.

இருபது வருடமாக என் வண்டியின் பிளக் கரிக்கட்டைதான். லெட்வில்லில் எல்லார் வண்டியும் அப்படித்தான், யாரும் அதைப் பெரிதுபடுத்த மாட்டோம். அன்றைக்கோ பால் விட்ட காபி நிறம். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்தால் வருகிற அந்த நிறத்தை என் வண்டியில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினேன். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது.

"ஜெட்டே தேவையில்ல, பாத்தியா! நான் பொறக்கும்போதே மெக்கானிக்," என்றேன்.

"அப்ப இந்தப் பொட்டலம்?" என்றார் யூசேபியோ.

"ஸ்க்ரூ போடற காபி டப்பால போடு."

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, காலையில் கிளம்பினேன். சாலிடா வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வழியெல்லாம் வெர்லினிடம் பேச வேண்டிய வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கேன்யன் சிட்டி தாண்டி ஒரு வளைவில் ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் டுப்பென்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிந்தார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு டுப்பு. பிறகு வண்டி இழுக்கவும் தயங்கவுமாகத் திணறியது, முழங்கால் பக்கம் அனலடித்தது. பியூப்ளோவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு வெள்ளை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லெட்வில் பத்தாயிரம் அடி உயரம், அங்கே காற்று மெலிசு. அதனால்தான் இத்தனை வருடமும் பெட்ரோல் கூடிப்போய்ப் பிளக் கறுத்தது. புது சைலன்சர் காற்றைக் கூட்டியதும் இரண்டு கோணலும் சேர்ந்து நேராகிவிட்டது. நான் ஒன்றுமே கழற்றிக் கிழிக்கவில்லை. மலை இறங்கினால் காற்று கெட்டியாகிவிடும், இப்போது பெட்ரோல் போதவில்லை. இப்படியே பின்னால் ஆளை ஏற்றி ஓட்டினால் பிஸ்டன் வெந்து எஞ்சின் வழியிலேயே இறுகிப் பூட்டிக்கொள்ளும். காப்பாற்ற வேண்டிய ஜெட் காபி டப்பாவில் கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் ஹெல்மெட்டையே ஓர் உதை விட்டேன்.

யூசேபியோவுக்குப் போன் போட்டேன். அவர் மறுநாள் காரில் வருவதாக ஏற்பாடு.

"அவ்வளவுதானே? பொட்டலத்த நான் எடுத்துட்டு வரேன்," என்றார். "மத்தியானம் வந்துருவேன். அதுவரைக்கும் ஊருக்கு வெளில வண்டிய ஒளிச்சு வை. வெர்லினுக்கு எதுக்குத் தெரியணும்?"

சபலம் தட்டத்தான் செய்தது. மூன்று மணிக்குக் கல்யாணம். மத்தியானம் ஜெட் மாற்றி, ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அந்தப் பெண்ணைப் பின்னால் ஏற்றுவதா? என் வீம்புக்கு அவளைப் பணயம் வைப்பதா? சீ என்றிருந்தது. சோக்கைப் பாதி இழுத்துவிட்டால் பெட்ரோல் கொஞ்சம் கூடும். அப்படியே ஆமை வேகத்தில் லமாருக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

பட்டறை வாசலில் ஆக்சிலேட்டரை விட்டேன். டுப்பு. டுப்பு. டுப்பு. வெர்லின் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். வாயெல்லாம் பல்.

"நீ ஒண்ணும் சொல்லாத," என்றேன். "நானே சொல்லிடறேன். வண்டிய சரிபண்ணது நான் இல்ல, எங்க ஊரு காத்து. அது தெரியாம ஜெட்ட டப்பால போட்டுட்டு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். ட்ரெஸ்ஸா உன் ட்ரக்லயே வரட்டும். நீ சொன்னதுதான் சரி."

கேலி பண்ணி வெடைப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. வண்டிப் பக்கத்தில் குந்தி, நீலம் பூத்துப்போன குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த உருளைக்கிழங்கு சாலட் ஒண்ணும் பண்ணல."

"என்னது?"

"அன்னிக்கு நாலு மணிக்கே எழுந்து கிளம்பிட்டேன். என் வண்டிலதான். கோட்டு சூட்ட பைல சுருட்டி வச்சிருந்தேன். பியூனா விஸ்டா தாண்டினதும் ஒரே கரும்புகை. கிரானைட் ஊருகிட்ட வண்டி மூச்சு நின்னு போச்சு. இந்த ஊருக்குப் போட்ட ஜெட்டு, மேல போகப்போகப் பெட்ரோல் கூடிப் போச்சு. சின்ன ஜெட்டு கைல இல்ல. சுத்துப்பட்டு மூணு கவுண்டிக்கும் நான்தான் மெக்கானிக், நானே வண்டியத் தள்ளிக்கிட்டு வந்து உன் ஊரு ஜனங்க முன்னாடி நிக்கிறதா? ரோட்டோரமா உக்காந்துதான் உனக்கு அந்த போன் பண்ணேன். அப்புறம் பிளக்கத் தொடச்சு மாட்டி, இறக்கத்துல உருட்டிக்கிட்டே வந்துட்டேன்."

கிரானைட் எங்கள் வீட்டிலிருந்து பதினேழு மைல்.

"அட பாவி!" என்று கத்தினேன். "உண்மையச் சொல்லியிருந்தா கல்யாண டிரெஸ்ஸோட ஸ்கூல் பஸ்ஸ எடுத்துட்டு வந்து உன்ன ஏத்திட்டுப் போயிருப்பேனேடா!"

"தெரியும். அதான் சொல்லல."

கையில் இருந்த க்ளவுஸை அவன் தலைமேல் எறிந்தேன். ஆறு வருடக் கோபம் ஒரு பக்கம். வரக் கிளம்பியிருக்கிறானே, இன்னும் பதினேழு மைல்தான் என்கிற வரைக்கும் வந்திருக்கிறானே என்பது இன்னொரு பக்கம். நான் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவனும் மூக்கை உறிஞ்சினான்.

"சரி, ஜெட்ட எடு," என்றேன்.

"நான் போடறேன், நீ உக்காரு."

"தள்ளுடா. எடுத்துக் குடு, போதும்."

கார்பரேட்டரை நான்தான் கழற்றினேன், அவன் டார்ச் பிடித்தான். பொழுது சாய்வதற்குள் பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைப் பார்த்தோம். பால் விட்ட காபி நிறம்.

"அப்ப ட்ரக்கு?" என்று கேட்டேன். "மூணு டுப்பு கேட்டியே."

"எனக்குக் காது மந்தம்னு ட்ரெஸ்ஸாதான் தெனம் சொல்றாளே," என்றான்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு ட்ரெஸ்ஸா கவுனை மொத்தமாகச் சுருட்டி மடியில் வைத்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "அத்தை, இன்னும் கொஞ்சம் முறுக்கு!" என்று காதுக்குள் கத்தினாள். லமார் முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. ஒரு டுப்பு கிடையாது. அவளை இறக்கிவிட்டதும் வெர்லின் வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். போகிறபோது என்னைத் திரும்பிப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிளம்ப வெளியே வந்தால், அவன் வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பின்னால் பை கட்டியாகிவிட்டது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"சின்ன ஜெட்டு, ரெண்டு வண்டிக்கும்."

பியூனா விஸ்டாவில் ஒரு மரத்தடியில் நிறுத்தி என் வண்டிக்கு அவன் போட்டான், அவன் வண்டிக்கு நான் போட்டேன். கிரானைட் வந்ததும் கையைக் காட்டி, எந்த இடம் என்று கேட்டேன். அவன் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனான்.

காரில் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்த யூசேபியோ அதற்குள் சமையல் முடித்திருந்தார். நாங்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் மேசை நடுவில் ஒரு பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். உருளைக்கிழங்கு சாலட். இந்த மனுஷனுக்குக் குசும்பு அதிகம்.

வெர்லின் என்னையே பார்த்தான். நான் முதலில் என் தட்டில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன், அப்புறம் அவன் தட்டில் போட்டேன்.

"ஆறு வருஷம் லேட்டு," என்றேன். "சாப்பிடு."