போய் மீன் பிடிங்கடா

...அந்த வார்த்தையை இந்த வருடம் தன்னிடம் யாருமே சொல்லவில்லை, அதுதான் ரெய்னோவுக்கு உறுத்தல், மற்றபடி ஒரு குறையும் இல்லை, ஏரி கெட்டியாக உறைந்திருந்தது, அதன்மேலேயே நிறுத்திய பலகைக் குடிசைக்குள் அடுப்பு கணகணவென்று எரிந்தது, மனைவி லீனா மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்டுக் கட்டிக் கொடுத்த பேஸ்டி அடுப்பின்மேல் சூடேறிக்கொண்டிருந்தது, பனியில் துளைத்த ஓட்டைக்குள் தூண்டில் கயிறு அசையாமல் நின்றது, இதைவிட என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுந்ததும் முதலாளி ஜெரால்ட் தன் கூரை வேலையாட்கள் எல்லாரையும் மதுக்கடைக்கு இழுத்துப்போய் ஆளுக்கொரு பீர் வாங்கிக் கொடுத்து, "போய் மீன் பிடிங்கடா!" என்பார், அதுதான் குளிர்கால ஆள்குறைப்பு, ஒருவர் முகமும் வாடாது, மறுநாளே வேலையின்மை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுவிட்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள், பனி உருகினால் மறுபடி ஏணி, ஆணி, தார்.

போன கோடையின் முடிவில்தானே ஜெரால்ட் தோளில் கைபோட்டார், "இன்னும் எத்தனை நாளைக்குடா என்கிட்ட சம்பளத்துக்கு நிப்ப? தனியா காண்ட்ராக்ட் எடு, வேலைய நானே தரேன்" என்று... தலையாட்டியாகிவிட்டது, வண்டிக் கதவில் தன் குடும்பப் பெயரைப் போட்டு ‘மாக்கி கூரை வேலை’ என்று எழுதியும் ஆகிவிட்டது, குளிர்கால உதவித்தொகை மட்டும் வழக்கம்போல வந்து மடியில் விழும் என்று எப்படி நினைத்தான், மடையன்! உதவித்தொகை அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் பொறுமையாகத்தான் சொன்னாள், "இந்தக் குளிருக்கு உங்களுக்கு உண்டு சார், கம்பெனில வாங்கின பழைய சம்பளம் காப்பாத்துது. காண்ட்ராக்ட்ல வர்ற காசு இதுல சேராது. இப்படியே தனியா இருந்தீங்கன்னா அடுத்த குளிருக்குக் கிடையாது." ஜெரால்ட் நல்லவர், அதைக் கேட்டு அவரே சங்கடப்பட்டார், வேண்டுமானால் வசந்தத்தில் மறுபடி கம்பெனி ஆளாகவே வந்துவிடு, இன்று சாயங்காலத்துக்குள் சொல் என்றுவிட்டார்.

எதிரே முக்காலியில் எல்ட்ரெட், இன்னும் கம்பெனி ஆள், அந்தத் தெம்பு அவன் குரலிலேயே தெரிகிறது. "என்ன முதலாளி ஐயா, யோசனை பலமா இருக்கு? முதலாளிக்கெல்லாம் ஏதுடா மீன்பிடி!" சிரிப்பு வந்தது ரெய்னோவுக்கு, கோபமே வரவில்லை, கம்பெனிக்கே திரும்பிப் போனால் என்ன, இதே அடுப்பு, இதே எல்ட்ரெட்... ஆனால் காண்ட்ராக்டில் அவன் கூரை போட்டுக் கொடுத்த அந்த ஹோவி வீட்டு அம்மாள், தெருவில் நின்று யாரிடமோ, "இது மாக்கி போட்ட கூரை" என்றாளே, அதுவரை அவன் போட்டதெல்லாம் ஜெரால்டின் கூரைகள்தானே, அன்று வீடுவரை சீட்டியடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான், இதையெல்லாம் எந்த அலுவலகத்தில் எழுதிப் போட்டு வாங்குவது? தனியாகத்தான், சாயங்காலம் சொல்லிவிட வேண்டியதுதான், கோடையில் கொஞ்சம் எடுத்து வைத்தால் குளிருக்கு ஆகாதா என்ன, ஆகும்.

மனம் லேசானது. பேஸ்டியைப் பிட்டுப் பாதியை எல்ட்ரெட்டிடம் நீட்டினான். அடுத்த முதல் பனி, மதுக்கடை, எல்லாருக்கும் பீர், எல்லாருக்கும் அந்த வார்த்தை, தனக்கு யார் சொல்வார்? போய் மீன் பிடிடா ரெய்னோ... சும்மா சொல்லிப் பார்த்தான், வாய்க்குள்ளேயே.

"என்னடா முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடு."

கயிறு வெடுக்கென்று இழுத்தது, நல்ல மீன்தான், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், ஆனாலும் எண்ணம் விடவில்லை. முதல் பனி அன்றைக்குக் கூரை ஒழுகுகிறது என்று யாராவது கூப்பிட்டால், அந்த வார்த்தையைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வாய் வருமா?