பிளாசா மேடையில் எழுத்துகள்

எங்கள் ஊர் தேவாலயத்துக்கு எதிரே உள்ள பொதுச் சதுக்கமான பிளாசாவின் நடுவே வட்டமான வாத்திய மேடை இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பேண்டு குழு அதில் வாசிக்கும். டிராம்போன்காரி ஹெர்மினியாதான் தலைவி, நான் கிளாரினெட்.

ஒரு ஞாயிறு போனால், மேடையை அடைத்து ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்துகளில் நட்டு வைத்திருந்தார்கள். நகராட்சி ஊழியன் டான்டோய் ஹெர்மினியாவை வழிமறித்தான்.

"இனிமே இங்க வாசிக்க முடியாதுக்கா. டூரிஸ்டுங்க போட்டோ எடுக்குற எடம்."

"வாசிக்கிறவங்கள வெரட்டிட்டு எந்த ஊர்டா காட்டப் போறீங்க?"

"மேயர் தெறந்து வைக்க வர்றாரு. தகராறு வேணாம்."

"வரட்டும். அவரு கல்யாணத்துக்கு வாசிச்சதே நாங்கதான்."

மேயர் மைக்கைப் பிடித்ததும் ஹெர்மினியா கண்காட்டினாள். மேடைக்குக் கீழே நின்றபடி, சவ ஊர்வலத்துக்கு வாசிக்கும் பாட்டை ஆரம்பித்தோம். கூட்டத்திலிருந்த ஆண்கள் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேயர் இருமுறை பேச வாயெடுத்தார். நாங்கள் நிறுத்தவில்லை. முகம் சிவக்க, ரிப்பனை வெட்டாமலே காரில் ஏறினார்.

மறுநாளே பிளாசாவில் நாங்கள் வாசிக்கத் தடை வந்தது. எழுத்துகளை யாரும் எடுக்கவில்லை. இப்போது தேவாலயப் படிகளில் நின்று வாசிக்கிறோம். கூட்டம் குறையவில்லை என்று ஆறுதல் சொன்னேன்.

"கூட்டத்துக்காகவா சண்ட போட்டேன்? அது நம்ம மேடை" என்றாள் ஹெர்மினியா. அவள் கோபம் தணியவில்லை. என் கோபமும்தான்.