பூஜைக்கு வைத்த ஊர்

கரமனை அக்ரஹாரத்தில் மஹேஷுக்கு இருந்த ஒரே எதிரி ஒரு தொடுதிரை டேப். தலைமைச் செயலகத்தில் அவன் செக்‌ஷன் ஆபீஸர். அங்கே அவன் சொன்னால் ஃபைல் நகரும். வீட்டிலோ, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜானவியிடம் அவன் உத்தரவு ஒன்றும் செல்லுபடியாகவில்லை. குளிக்கக் கூப்பிட்டாலும், சாப்பிடக் கூப்பிட்டாலும், டேப்பிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே பதில்தான் வரும்: “ஒரு நிமிஷம்ப்பா.” நிமிஷத்துக்கு அறுபது விநாடிதான் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அவள் விளையாடுவது கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு. என்ன ஊர், யாருக்காக ஊர் என்றெல்லாம் மஹேஷ் கேட்டதில்லை. அவனுக்கு வேண்டிய விவரம் வாட்ஸ்அப்பில் தினமும் வந்துகொண்டிருந்தது. கண் கெடும், கழுத்து வளையும், கோபம் வரும், கணக்கு மறக்கும். டேப்பை அலமாரி மேல் ஒளித்துப் பார்த்தான்; அவள் நாற்காலி போட்டு எடுத்தாள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தான். தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து அடித்தாள், திறந்துகொண்டது. அப்பாவுக்கு அதைத் தவிர வேறு பாஸ்வேர்ட் தோன்றாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

துர்காஷ்டமி சாயங்காலம் அவன் மூளையில் பொறி தட்டியது. மனைவி மாளவிகா கொலுவுக்கு முன்னால் பலகை போட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று பூஜைக்கு வைத்த புத்தகத்தையும் வாத்தியத்தையும் விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. அதுவரை படிப்பும் கிடையாது, எழுத்தும் கிடையாது. இந்த விஷயத்தில் மஹேஷ் படு கறார். அந்த நாட்களில் கூரியர்காரருக்குக் கையெழுத்துக்கூடப் போடமாட்டான், செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்துவிடுவான்.

மகளின் கணக்குப் புத்தகத்துக்கும் மாளவிகாவின் சுருதிப்பெட்டிக்கும் நடுவில் டேப்பை வைத்தான். சந்தனம் இட்டான், குங்குமம் இட்டான். போதாததற்கு ஒரு செம்பருத்தியும் சாத்தினான்.

“என்னப்பா பண்றே?” ஜானவியின் முகம் வெளுத்துவிட்டது.

“பூஜைக்கு வெச்சாச்சு. இனி தசமிக்குத்தான் எடுக்கறது. எடுத்ததும் அந்த விளையாட்டை அழிச்சுடுவேனாக்கும், கேட்டியா?”

“அய்யோ அப்பா, நாலு மாசமா கட்டிண்டிருக்கேன்! அழிச்சா திரும்ப வராது!”

“வரவேண்டாம்னுதானே அழிக்கறது.”

மாளவிகா செம்பருத்தியைப் பார்த்தாள். “உங்க கையாலயே வெச்சேளா?” என்று மட்டும் கேட்டாள்.

“என் கையாலயேதான்,” என்றான் மஹேஷ், பெருமை பிடிபடாமல்.

மறுநாள் நவமி. வாட்ஸ்அப் சொன்ன கோபம் எப்போது வரும் என்று மகளையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான். அது வரவே இல்லை. அவள் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து அட்டைப்பெட்டியும் மண்ணுமாகப் பூங்காவும் பாலமும் கட்டினாள். படிக்கவும் வழியில்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த மஹேஷ் கடைசியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அலுமினியத் தாளை மடக்கி ஆறு விட்டான். சொம்பு சொம்பாக ஊற்றியும் தண்ணீர் இருந்த இடத்திலேயே நின்றது.

“வெறுதே ஜலம் விட்டா போகாதுப்பா. இந்த முனையை ஒசத்தணும்,” என்று ஜானவி அடியில் இரண்டு ஓட்டுத் துண்டை வைத்தாள். ஆறு பாலத்துக்குக் கீழே ஓடிப் போனது.

“இது எங்க படிச்சே?”

“என் ஊர்ல மூணு தடவை ஆறு பொங்கி வீடெல்லாம் முங்கிப்போச்சு. அப்பறம்தான் சரியாக் கட்டக் கத்துண்டேன்.” பிறகு, “அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கட்டுமா?” என்றாள்.

மஹேஷ் பலகையில் இருந்த டேப்பைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் போட்ட உத்தரவை வாபஸ் வாங்கிப் பழக்கமில்லாத மனுஷன். காதில் விழாத மாதிரி எழுந்து போனான்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தார்கள். மூவரும் தாம்பாளத்து அரிசியில் விரலால் ‘ஹரிஸ்ரீ’ என்று முதல் எழுத்து எழுதினார்கள். மாளவிகா சுருதி போட்டு ஒரு கீர்த்தனை பாடினாள். ஜானவி அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு கணக்குப் போட்டாள். மஹேஷ் டேப்பைக் கையில் எடுத்தான்.

“நில்லுங்கோ,” என்றாள் மாளவிகா. “பூஜைக்கு வெச்சதை எடுத்தா ஒரு வரியாவது பண்ணணும். இன்னிக்குத் தொடற வித்யை வளரும்னு வருஷா வருஷம் சொல்றது யாரு?”

“அது புஸ்தகத்துக்குன்னா...”

“சந்தனமும் குங்குமமும் வெச்சது நீங்கோ. செம்பருத்தி வேற! வித்யைன்னு ஒத்துண்டுதானே வெச்சேள்? தசமியும் அதுவுமா வித்யையை அழிக்கப்போறேளா?”

மஹேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். மற்றவர்கள் சொன்னால் சட்டம் பேசியிருப்பான். இது அவனே வருஷம் தவறாமல் பேசிய சட்டம். வசமாக மாட்டிக்கொண்டான்.

“வெச்சவர்தான் முதல்ல பண்ணணும், பின்னே?” என்றாள் மாளவிகா.

“எனக்கு இது ஒண்ணும் தெரியாதே!”

“தெரியாதவாதானே தசமிக்கு ஆரம்பிப்பா,” என்றாள் ஜானவி. அவனைப் பலகையில் உட்காரவைத்து, அவன் ஆட்காட்டி விரலைப் பிடித்தாள். மூன்று வயதில் அவளை மடியில் வைத்து அரிசியில் எழுதவைத்தபோது அவன் பிடித்தானே, அதே பிடி.

திரையில் ஊர் திறந்தது. இரண்டு சாரியாக ஒட்டி ஒட்டி வீடுகள், தெருக்கோடியில் படித்துறை, ஆறு. கரமனைதான், சந்தேகமே இல்லை. அவர்கள் வீட்டுக்கு மட்டும், நிஜத்தில் இல்லாத ஒரு மாடி இருந்தது. அங்கே ஒரு அறை, சுவர் முழுக்க அலமாரி.

“இது உன் ரூம்ப்பா. ஆபீஸ் ஃபைலை வெச்சுக்க ஆத்துல ஒரு எடமில்லேன்னு சொல்லிண்டே இருப்பியே? கதவு மட்டும் பாக்கி.”

இதையா அழிக்கவிருந்தோம் என்று மஹேஷுக்கு வெட்கமாகிவிட்டது. என்ன ஊர் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

“நீயே கதவை வை,” என்றாள்.

வைத்தான். கதவு போய் ஆற்றில் நின்றது. ஜானவி மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். மறுபடி வைத்தான், பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறியது. மூன்றாவது தடவைதான் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தது.

“தட்சிணை?” என்று கையை நீட்டினாள் குரு.

“என்ன வேணும்?”

“அழிக்கப்படாது.”

“சரி, தந்தாச்சு,” என்றான். “ஆனா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்.”

“உனக்கும் அதேதான்ப்பா.”

அடுக்களையிலிருந்து மாளவிகா குரல் கொடுத்தாள்: “இட்லி ஆறிப்போறது, வாங்கோ ரெண்டு பேரும்!”

ஜானவி உடனே எழுந்து ஓடினாள். மஹேஷ் தன் அறைக்கு ஒரு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷம்,” என்றான், தலையைத் தூக்காமல்.